ஐஸ்பழம் கட்டிய கால்

சிகிச்சை நிலையத்தின் படலையைத் தாண்டி, ரெயில் கடவைப் பக்கமாக நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் கையிலிருந்த பை வியர்க்கத் தொடங்கியது. பைக்குள் இன்னொரு பை. நீல நிறம், கையளவு, உள்ளே கூழ் மாதிரி ஏதோ ஒன்று. பிசைந்தால் பிசைபடுகிறது. அதை என்னிடம் தந்த பிள்ளை, எனக்கொரு மகள் இருந்திருந்தால் அந்த வயதில் இருப்பாள்.

"இருபது நிமிசம் ஐயா. துவாய் சுத்தி வையுங்கோ, நேரை தோலிலை வைக்கக் கூடாது. இண்டைக்கும் நாளைக்கும் குளிர்தான். வீக்கம் வத்தினாப் பிறகு சூடு பிடிக்கலாம். அவசரப்பட்டுச் சூடு வைச்சிடாதேங்கோ."

"ஓம் பிள்ளை, தெரியும்."

"எல்லாரும் தெரியும் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போகினம்" என்று சிரித்தாள். "போய் நல்லா ஒத்தணம் பிடிச்சு வீங்க வைச்சுக்கொண்டு திரும்பி வருகினம்."

அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பின்னால் வாங்கில் வரிசையாக ஆட்கள் காத்திருந்தார்கள். சொல்லத் தொடங்கினால் அந்தப் பிள்ளையின் பின்னேரம் போய்விடும். உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விழுந்த கதை பெரிதில்லை. கொக்குவிலில் ஒரு வீட்டு மதிலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். ஏணியால் இறங்கும்போது படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்து நிலத்தில் கால் வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. நான் ஏணியிலேயே வாழ்ந்தவன் என்று வீட்டுக்காரருக்குப் பெருமை பேசி ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.

கடவைக்குப் பக்கத்தில் ஒரு மதில் நிழலில் குந்தினேன். தோளில் கிடந்த துவாயை நீலப் பையில் சுற்றிக் கணுக்காலில் வைத்தேன். நல்ல குளிர். ஆனால் ஏதோ குறைந்தது. குனிந்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை.

எனக்குத் தெரிந்த குளிர் எல்லாவற்றுக்கும் மணம் இருந்தது. முதலாவது குளிர் மீன் மணம். இரண்டாவது குளிர் ரோஸ் எசன்ஸ் மணம். இரண்டுக்கும் இடையில் ஒரு இரவுதான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இடம்பெயர்ந்து மூன்று பள்ளிக்கூடம் மாறியதில், மூன்றிலும் அதே பின்னக் கணக்கையே முதலிலிருந்து படிப்பித்தார்கள். மூன்றாம் தரமும் விளங்கவில்லை. பிறகு பேக்கரி, லொறி, கல்லுடைப்பு என்று திரிந்துவிட்டு, வடக்குக் கரையில் ஒரு சம்மாட்டியிடம் போய்ச் சேர்ந்தேன். நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். நானும் கடற்கரைக் குடும்பம்தான். ஆனால் கடல் எனக்கு ஒத்துவராது. வள்ளம் கரையில் கட்டியிருக்கும்போதே எனக்கு வயிற்றைப் பிரட்டும். "உவனைக் கடலுக்கு அனுப்பினால் மீனுக்குத் தீனிதான்" என்று சொல்லி, சம்மாட்டி என் சைக்கிள் கரியரில் மீன் பெட்டியைக் கட்டி ஊர்ப்பக்கம் அனுப்பிவிட்டார்.

அந்தக் கரையில் மருந்து இரண்டு வகை. கெளிறோ திருக்கையோ முள்ளால் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீருக்குள் கையை வைப்பார்கள். வள்ளத்துக்கும் வள்ளத்துக்கும் இடையில் விரல் நசிந்தால், கால் பிரண்டால், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்துவார்கள். சாக்குத் துண்டில் ஐஸை இடித்துப்போட்டுச் சுற்றிக் கட்டுவார்கள். ஒரு சுருட்டுக் குடித்து முடிகிற நேரம். பிறகு அவிழ்த்துவிட்டு, இன்னொரு சுருட்டுக்கு மனம் வருகிறபோது மறுபடியும் கட்டு. அங்கே ஐஸ் எப்போதும் கிடந்தது, அதனால் குளிர் எப்போதும் கைக்கெட்டியது. அதைப் பெரிய வைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. கரையை விட்டு உள்ளே பயிர் செய்கிறவர்களிடம் அடுப்பு எப்போதும் எரிந்தது. அவர்களுக்கு எந்த நோவுக்கும் சூடுதான். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சண்டிலிப்பாய்ப் பக்கம் எனக்குப் புது வழி. முதல் நாள். ஊருக்குள் நுழைந்ததும் ஹோர்னை அமத்தினேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த ஒழுங்கையில் அமத்தினேன். வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பி என்னைப் பார்த்துவிட்டு மறைந்தது. என் சத்தம் காணாதாக்கும் என்று, "விளைமீன், ஒட்டி, ஓரா" என்று கூவவும் செய்தேன். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியோடு வரம்பில் ஏறி வந்தார்.

"தம்பி, வரேக்கை றோட்டிலை தோரணம் கண்டனியே?"

"கண்டனான் ஐயா. கலியாண வீடாக்கும் எண்டு நினைச்சன்."

"அம்மனுக்குக் கொடியேறி ஆறு நாள். தேர் முடியுமட்டும் இந்த ஊரிலை ஒரு சட்டியிலையும் மீன் ஏறாது. நீ ஊர் முழுக்க ஒட்டி ஓரா எண்டு கத்திக்கொண்டு திரியிறாய். சத்தம் போடாமல் திரும்பிப் போ."

எனக்கு முகம் சுட்டுவிட்டது. சைக்கிளைத் திருப்பி ஒரே மிதியாக மிதித்தேன். ஒழுங்கை முடக்கில் ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். முழுகிய தலை, கையில் ஒரு தட்டு நிறையப் பூ. கோயிலுக்குப் போகிறவர் என்று பார்த்த உடனே தெரிந்தது. என் பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பிறேக் பிடித்தேன். நான் அவரில் முட்டவில்லை. அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். மீன்தண்ணீர் தன்னில் தெறித்துவிடும் என்று அவர்தான் ஓரமாகப் பாய்ந்தார். மதகில் ஒரு கல் புரண்டது. கால் உள்ளுக்கு மடங்கிய சத்தம் எனக்கும் கேட்டது.

பூவெல்லாம் நிலத்தில். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"கிட்ட வராதை தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் ஐஸை அள்ளிக்கொண்டு வந்து, "இதை உடனை வைக்கவேணும் அக்கா, வீங்காது" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். ஐஸில் ஓராவின் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு வெய்யிலில் மினுங்கியது.

"நான் விரதம்" என்றார் மெல்ல.

ஐஸ் என் கைக்குள்ளேயே கரைந்தது.

சத்தம் கேட்டு மூன்று வளவு தள்ளியிருந்து அவருடைய கணவர் ஓடிவந்தார். செல்லத்துரை அண்ணை. நல்ல உயரம், புகையிலைப் பால் பட்டுக் கறுத்த கை. ஒன்றும் கேட்காமல் மனைவியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் நிலத்தில் கிடந்த தட்டை எடுக்கலாமா கூடாதா என்று யோசித்து, தோளில் கிடந்த துண்டால் பிடித்து எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். படலைக்கு வெளியே நின்றேன். மீன்காரன் நிற்கிற இடம் அதுதான். உள்ளே பேசுவது கேட்டது.

"தேருக்கு நாலு நாள் கிடக்கு" என்று பூமணி அக்கா அழுதார்.

"கால் மாறட்டும். வாற வருசம் செய்யலாம்."

"போன வருசமும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

"நான் வந்திட்டன்தானே பூமணி. இனி அம்மனுக்கு என்ன அவசரம்?"

"வந்ததாலைதான்."

செல்லத்துரை அண்ணையை ஒரு விடியற்காலையில் அந்தப் படலையடியில் வைத்துத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் பிடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பதினாலு மாதம் ஆளைக் காணவில்லை. பூமணி அக்கா அம்மனிடம் நேர்ந்தார்: இவர் நடந்து வீட்டுக்கு வந்தால் தேரன்றைக்கு வீதி முழுக்க அடியழிக்கிறேன் என்று. அடியழிப்பது என்றால், தேருக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வோர் அடிக்கும் மணலில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடி வைத்து, மறுபடி விழுந்து, கோயிலைச் சுற்றி வருவது. அவர் நடந்தே வந்தார். ஆனால் வந்த வருடம் ஊரே இடம்பெயர்ந்திருந்தது. அடுத்த வருடம் திருவிழா கோயிலுக்குள்ளேயே முடிந்தது, தேர் வெளியே வரவில்லை. கடன் அப்படியே நின்றது. இந்த வருடமும் தவறினால், கொடுத்தவளே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பூமணி அக்கா பயந்தார். ஒரு ஜீப் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடுகிறவர் அவர்தான், அண்ணை இல்லை.

இவ்வளவும் அன்றைக்கே எனக்குத் தெரியாது. அழுகைச் சத்தம் மட்டும் தெரியும். தட்டைப் படலைத் தூணில் வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினேன். மீன் முழுக்கக் குழைந்துபோயிருந்தது. சம்மாட்டி பெட்டியைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கொடியேறின ஊருக்குள்ளை மீன் கொண்டு போனனியே?" சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். "சரி, விடு. நாளைக்கு வேறை பக்கம் போ."

"நாளைக்கு வரேல்லை. அந்த அக்காவைப் பாக்கவேணும். தேர் முடியுமட்டும் நான் மீனிலை கை வைக்கமாட்டன்."

"உனக்கென்னடா தேர்? பெட்டி சும்மா கிடக்காது. வேறை ஆளிட்டைக் குடுத்திடுவன்."

கொடுத்துவிட்டார். அதற்காக அவரில் எனக்குக் கோபமில்லை. மீன் ஒருவருக்காகவும் காத்துக்கொண்டு கிடக்காது.

அடுத்த நாள் காலை மூன்று தரம் சவர்க்காரம் போட்டு, தேசிக்காயும் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். படலையில் நின்று "அண்ணை" என்றேன்.

"மீனோ?"

"இல்லை அண்ணை. கால் எப்பிடி எண்டு கேக்க வந்தனான்."

என் வெறும் கைகளைப் பார்த்துவிட்டுப் படலையைத் திறந்தார். விறாந்தையில் பூமணி அக்கா கதிரையில் இருந்தார். கணுக்கால் வெடித்துவிடும் போல வீங்கி மினுமினுத்தது.

"எலும்பு பிசகேல்லை எண்டு பரியாரியார் நேற்றே வந்து அமத்திப் பாத்துச் சொல்லிப்போட்டார்" என்றார் அண்ணை. "நான் உப்பு வறுத்துத் துணியிலை கட்டி ஒத்தணம் பிடிச்சனான். நொச்சி இலை அவிச்சு ஊத்தினனான். கை நோகுமட்டும் பிடிச்சனான். ஏன் இப்பிடி வீங்குது?"

உண்மையாகவே கேட்டார். அந்த மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"சூடுதான் அண்ணை வீங்க வைச்சது. அடிபட்ட உடனை சூடு வைச்சால் அந்த இடத்துக்கு இன்னும் இரத்தம் வரும். முதல் ரெண்டு நாள் குளிர் வைக்கவேணும். பிறகுதான் சூடு."

"நீ என்ன டொக்டரோ?"

"இல்லை அண்ணை. மீன் விக்கிறனான். நேற்று வரைக்கும்."

பூமணி அக்கா என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளிலை வத்துமே தம்பி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வத்தினால் நல்லம்" என்றேன்.

பிறகு அந்த வீட்டில் குளிரைத் தேடினோம். கிணற்றுத் தண்ணீர் அள்ளினால், காலையில் அது கறந்த பால் மாதிரி இளஞ்சூடாக இருந்தது. குசினியில் மண்பானைத் தண்ணீர் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் வீங்கின காலுக்கு அது தடவிக்கொடுப்பது மாதிரித்தான். மின்சாரம் ஊருக்குத் திரும்பிக் கொஞ்சக் காலம்தான். அந்த ஒழுங்கையில் பிறிட்ஜ் இருந்தது ஒரு ரீச்சர் வீட்டில் மட்டும்.

"வேண்டாம்" என்றார் பூமணி அக்கா. "போன மாதம் அதுக்குள்ளை றால் கிடந்தது. நானே கண்டனான்."

"ஐஸிலை றால் ஏறாதப்பா" என்றார் அண்ணை.

"மணம் ஏறும்."

கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள்ளால் தூரத்தில் பீப் பீப் என்று ரப்பர்ப் பந்து ஹோர்ன் கேட்டது. என்னுடையது மாதிரியே ஹோர்ன். ஆனால் இதற்கு ஊரில் எல்லாப் படலையும் திறந்தது.

ஐஸ்பழக்கார மணியண்ணை. சைக்கிள் கரியரில் குச்சி ஐஸ் நிறைந்த சிவப்புப் பெட்டி. செல்லத்துரை அண்ணை ஒழுங்கைக்கு ஓடியதை, அவ்வளவு பெரிய மனிதர் சாறத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு ஐஸ்பழத்துக்கு ஓடியதை, ஊரே பார்த்திருக்கும்.

"எத்தினை வேணும்?"

"எல்லாம்."

"வீட்டிலை ஆர் விருந்தாளி?"

"காலுக்கு" என்றார் அண்ணை.

மணியண்ணை சைக்கிளை உள்ளே உருட்டிவந்து, காலைப் பார்த்து, ஒன்றும் ஆச்சரியப்படாமல் பெட்டியைத் திறந்தார். பூமணி அக்கா முதலில் விசாரணை வைத்தார்.

"உதுக்குள்ளை முட்டை கிட்டை போடுறதோ?"

"சீனித் தண்ணி, நிறம், எசன்ஸ். பாலும் இல்லை, பிள்ளை."

"பெட்டிக்குள்ளை வேறை ஏதும் வைக்கிறதோ?"

"என்ரை முழங்காலை வைக்கலாமோ எண்டு ரெண்டு வருசமா யோசிக்கிறன். மிதிக்க ஏலாமல் கிடக்கு. வீட்டிலை மனிசி சூடு பிடிக்கிறா, வெளியிலை நான் ஐஸ் விக்கிறன். என்ன சீவியம் பாருங்கோ."

பூமணி அக்கா சம்மதித்தார். குச்சி உடைந்த பழங்களாகப் பொறுக்கித் தந்தார் மணியண்ணை. துவாயில் போட்டு அம்மிக்குழவியால் இடித்தோம். சிவப்பு, செம்மஞ்சள், பச்சை. அண்ணை அதைக் கணுக்காலில் சுற்றிக் கட்டினார். பூமணி அக்கா பல்லைக் கடித்துக் கண்ணை மூடினார். வீடு முழுக்க ரோஸ் எசன்ஸ் மணந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். ஒரு சுருட்டு என்றேன். விரத வீட்டில் சுருட்டுப் பற்றவைக்க முடியுமா? அண்ணை பற்றவைக்காத சுருட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒலிபெருக்கியில் நாலு பாட்டு என்று கணக்கு வைத்தோம். நாலு பாட்டுக் கட்டு, பிறகு அவிழ்த்துக் காலைத் தலையணையில் உயர்த்தி வை, ஒரு பூசை முடிந்ததும் மறுபடி நாலு பாட்டு. மணியண்ணை தன் சுற்றை மாற்றிக்கொண்டு பின்னேரமும் வந்துபோனார்.

நான் யோசிக்காத ஒன்று எறும்பு. இரண்டாம் கட்டு அவிழ்ப்பதற்குள் விறாந்தையின் மூன்று மூலையிலிருந்தும் வரிசை கட்டி வந்துவிட்டது. பூமணி அக்காதான் வழி சொன்னார். குசினியில் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்கிற மாதிரி, கதிரையின் நாலு காலையும் நாலு சிரட்டைத் தண்ணீருக்குள் வைத்தோம். தலையணை வைத்த முக்காலிக்கு இன்னும் மூன்று சிரட்டை. அவர் தீவில் இருக்கிற மாதிரி அதற்கு நடுவில் இருந்தார். ஏதும் வேண்டுமென்றால் நாங்கள் எட்டிக் கொடுத்தோம்.

வியாழக்கிழமை பின்னேரம் துவாயை அவிழ்த்தபோது கணுக்கால் முண்டு முதல்முறையாகத் தெரிந்தது. கால் முழுக்கச் சிவப்பு. சவர்க்காரத்துக்கும் போகாத சிவப்பு.

"மருதோண்டி போட்ட மாதிரிக் கிடக்கு" என்று பூமணி அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"கலியாணத்தண்டும் இவ்வளவு சிவக்கேல்லை" என்றார் அண்ணை.

வெள்ளிக்கிழமை காலை நான் காலைத் தொட்டுப் பார்த்தேன். தொட விட்டார்கள், அதையும் சொல்லவேண்டும். வீக்கம் இறங்கியிருந்தது, கொதிப்பு இல்லை. ஆனால் விறைத்துக் கிடந்தது. மடங்கவில்லை. மடங்காத காலோடு விழுந்து எழும்ப முடியாது.

"இனி உங்கடை முறை அண்ணை" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதும் அவர் முகம் மாறியதை உங்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை காணாது. இரண்டு நாளாக ஒரு மூலையில் நின்று சிரட்டைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மனிதர். குசினிக்குள் போய் உப்பு வறுத்தார். துணியில் முடிந்துகொண்டு வந்தார். முதலில் தன் கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுட்டது போல, ஊதினார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகுதான் மனைவியின் காலில் வைத்தார்.

அப்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். இரண்டு விரல் மடங்கவில்லை. அவை நீட்டியபடியே நின்றன. மற்ற மூன்றாலும்தான் முடிச்சைப் பிடித்திருந்தார்.

பூமணி அக்காவும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கை உங்களுக்கு ஆர் ஒத்தணம் பிடிச்சது?"

அண்ணை உப்பு முடிச்சை எடுத்து, அடுத்த பக்கம் வைத்தார்.

"ஆடாமல் இரும்" என்றார்.

நான் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றேன். அள்ளத் தேவையில்லாத தண்ணீரை அள்ளி வாழைக்கு ஊற்றினேன்.

தேரன்றைக்குச் செல்லத்துரை அண்ணையின் வேட்டியை உடுத்திக்கொண்டு போனேன். அது என்னைச் சுற்றி இரண்டு சுற்றுப் போனது. ஐந்து நாளாக மீன் வாயில் வைக்காதிருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தரம். தேர் அசைந்தது. முன்னால் போன ஆண்கள் மணலில் உருண்டார்கள், பெண்கள் தேருக்குப் பின்னால் வரிசையாக விழுந்து எழும்பினார்கள். பூமணி அக்கா கணுக்காலில் ஒரு துணி இறுக்கிச் சுற்றியிருந்தார். சிவப்பு அப்போதும் போகவில்லை. தெற்கு வீதியில் மற்றவர்களோடு சரியாக வந்தார். மேற்கு வீதியில் பின்தங்கினார். வெய்யில் ஏறி மணல் கொதிக்கத் தொடங்கியது. அண்ணை எங்கோ போய் ஒரு வாளியும் செம்பும் எடுத்துவந்தார். மனைவி அடுத்து விழப்போகிற இடத்துக்குத் தண்ணீர் தெளித்தார், பிறகு அடுத்த இடத்துக்கு. வாளி முடிய முடிய நான் கோயில் கிணற்றுக்கு ஓடினேன்.

வடக்கு வீதி முடக்கில் கால் விட்டுவிட்டது. எழும்பப் போனவர் அப்படியே மணலில் இருந்தார். தேர் எங்களை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

அண்ணை பக்கத்தில் குந்தினார். "காணும் பூமணி."

"காணாது."

"அவளுக்குக் காணும்."

"எனக்குக் காணாது."

கணுக்காலை ஊன்றாமல், முழங்காலாலேயே நகர்ந்தார். நகர்ந்து, விழுந்து கும்பிட்டு, அண்ணையின் கையைப் பிடித்து நிமிர்ந்து, மறுபடி நகர்ந்து. அண்ணை செம்பை என்னிடம் தந்துவிட்டார். நான்தான் தண்ணீர் தெளித்தேன். சரியாகத் தெளித்தேனா தெரியாது. கண் கலங்கியிருந்தது, மணலால் இருக்கலாம். தேர் இருப்பிடத்துக்கு வந்து, அருச்சனை எல்லாம் முடிந்து, கூட்டம் கலையத் தொடங்கிய பிறகுதான் பூமணி அக்கா தொடங்கின இடத்தில் வந்து கடைசி முறை விழுந்தார். நெடுநேரம் எழும்பவில்லை. அண்ணை குனிந்து தோளைத் தொட்டார்.

முகம் முழுக்க மணல். கண்ணைத் திறந்து அண்ணை நிற்கிறாரா என்று பார்த்தார். நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஐஸ்பழம் ஒண்டு வாங்கித் தா. காலுக்கில்லை."

கோயில் வீதியில் மணியண்ணை நின்றார். சிவப்பு ஒன்று எடுத்துத் தந்துவிட்டு, "நாளைக்குக் காலமை ஐஸ்பழக் கொம்பனியடிக்கு வா. என்ரை முழங்கால் இனி அரைவாசி ஊருக்குத்தான் மிதிக்கும், மற்ற அரைவாசி உனக்கு" என்றார்.

மதில் நிழலில் நீலப் பை சூடாகிவிட்டது. இருபது நிமிடம் முடிந்திருக்கும், அளக்கத்தான் பாட்டு இல்லை. இப்போது ஐஸ்பழம் வான் வண்டியில் வருகிறது. ஹோர்ன் இல்லை, ஏதோ ஒரு இசை போடுகிறார்கள். மணியண்ணையின் கொம்பனி இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. எல்லா வீட்டிலும் பிறிட்ஜ் இருக்கிறது, மீனுக்கு ஒரு தட்டு, சாமிப் பூவுக்கு ஒரு தட்டு. நான் எந்த ஊரிலும் இரண்டு மாரிக்கு மேல் தங்காதவன். பூமணி அக்கா வீட்டுப் பக்கம் பல வருடம் கழித்துப் போனபோது படலை இருந்த இடத்தில் பெரிய இரும்புக் கேற் பூட்டியிருந்தது. அண்ணை முதலும் அக்கா அடுத்த வருடமும் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இருவரும் தங்கள் கட்டிலில்தான் செத்தார்களாம். அதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டதை, சொன்னவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

தேருக்கு அடுத்த நாள் காலை கொம்பனியடிக்குப் போனேன். மணியண்ணை பெட்டியைத் தருவதற்கு முதல், "கையைக் காட்டு" என்றார். நீட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் மூக்கடியில் பிடித்து ஆறுதலாக மணந்தார்.

"கொஞ்சம் கிடக்கு" என்றார். "ரோஸுக்குள்ளை தெரியாது. ஏறு."

ஏறினேன். முதல் ஒழுங்கையில் ஹோர்னை அமத்தியபோது எனக்குள் ஒரு பயம் வந்தது. பிறகு ஒவ்வொரு படலையாகத் திறந்தது.